மவுஸ்ஸாக்கலைத் தண்ணீரும் சிவனொளிபாத மலையும்

எங்கள் அப்பு மின்சாரத்தை ஒருநாளும் மின்சாரம் என்று சொன்னதில்லை. மலையகத்து நீர்மின் தொகுதியின் பெயரைச் சொல்லி, "லக்சபானா வந்திட்டுதோ?" என்றுதான் கேட்பார். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது அந்த லக்சபானா எங்கள் ஊருக்கு வராமலே போயிற்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கில் படித்த எனக்கு, அந்தச் சொல் எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு வெளிச்சத்தின் பெயராகவே நெடுங்காலம் இருந்தது. கடந்த மாசி மாதம் சிவனொளிபாத மலைக்குப் போக முடிவு செய்தபோது, பாதத்தைத் தரிசிக்கும் ஆசையோடு, அந்த வெளிச்சத்தைத் தரும் தண்ணீரைப் பார்க்கும் ஆசையும் சேர்ந்தே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்து ரயிலில் புறப்பட்டு, பொல்காவலையில் மலையகம் செல்லும் வண்டிக்கு மாறி ஹட்டனில் இறங்கினேன். அங்கிருந்து மஸ்கெலியா ஊடாக மலையடிவாரமான நல்லதண்ணிக்குப் போகும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. சுண்ணாம்புக் கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கும் எங்கள் குடாநாட்டில், மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் ஆறென்று சொல்ல வேறொன்றும் இல்லை; பெய்யும் மழை கல்வெடிப்புகளுக்குள் இறங்கிக் கிணறுகளில் ஊறுகிறது, அதைத்தான் குடிக்கிறோம், அதையே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். அப்படி வளர்ந்த கண்ணுக்கு, தேயிலைச் சரிவுகளின் இடுக்குகளில் எல்லாம் புகுந்து வளைந்து கிடந்த மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் எளிதில் பிடிபடவில்லை.

இது இயற்கையான ஏரியன்று. சிவனொளிபாதத்தின் சாரலில் இருந்து இறங்கி வரும் மஸ்கெலியா ஓயாவை 1960களில் அணை கட்டி மறித்ததால் உண்டானது. இங்கிருந்து சுரங்க வழியாகக் கெனியன் மின்நிலையத்துக்குப் போகும் நீர், கீழே லக்சபானாத் தொகுதியின் மற்ற நிலையங்களிலும் சுழலிகளைச் சுற்றிவிட்டுக் களனி கங்கையோடு போகிறது. அப்பு பெயர் சொல்லிக் காத்திருந்த வெளிச்சத்தின் ஒரு பகுதி இந்தத் தண்ணீர்தான்.

பக்கத்து இருக்கையில் கொழுந்துக் கூடையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா, நான் வைத்த கண் வாங்காமல் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "பழைய டவுன் இதுக்குள்ளதான் கெடக்கு தம்பி" என்றார். அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் அமிழ்ந்தது. இன்றைய நகரம் அதற்குப் பதிலாக மேட்டில் எழுந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும் வேளைகளில் அங்கிருந்த கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்கு மேலே தலைகாட்டுகின்றன. அந்தக் கோயிலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று என்னை அறியாமலே சொல்லிவிட்டேன். "கோயில் தெரிஞ்சா மழை இல்லைன்னு அர்த்தம். மழை இல்லைன்னா கொழுந்து இல்லை, கொழுந்து இல்லைன்னா எங்களுக்குப் பேர் இல்லை" என்றார் அவர். பேர் என்றால் ஒருநாள் வேலைக்கான பதிவு, அதாவது நாட்சம்பளம். இடம்பெயர்வை நன்கறிந்த ஊரில் இருந்து வந்த நான், ஒரு முழு நகரத்தின் இடம்பெயர்வைக் காட்சிப் பொருளாக எண்ணிவிட்டேனே என்று அந்தக் கணத்தில் உள்ளம் கூசியது.

நல்லதண்ணியில் இருந்து நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்கினோம். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி புத்த பூர்ணிமையான வெசாக் வரை நீளும் யாத்திரைக் காலமாகையால் வழியெங்கும் மின்விளக்குகள் எரிந்தன; ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் கைக்குழந்தையோடு தாய்மாரும், ஊன்றுகோலோடு முதியவர்களும் ஏறிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குச் சிவனின் பாதம், சிங்களவருக்குப் புத்தரின் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதமின் பாதம். 1344 இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இம்மலைக்கு வர விரும்பியபோது, பல்லக்கும் வழித்துணையாக யோகிகளையும் பிராமணரையும் கொடுத்து அனுப்பியவன் யாழ்ப்பாணத்து மன்னன் ஆரியச்சக்கரவர்த்தி என்பதை, கால் கடுத்து உட்கார்ந்த ஒவ்வொரு படியிலும் பெருமையோடு நினைத்துக்கொண்டேன்.

2,243 மீற்றர் உயரத்தில் விடியலுக்கு முன் அடித்த காற்றில் பல் கிட்டியது. பாதத்தைத் தரிசித்து, முதல் முறை வந்தவன் என்பதால் மணியை ஒரே ஒரு தரம் அடித்தேன். சூரியன் எழுந்ததும் மலையின் நிழல் மேற்கே கூர்முக்கோணமாக விழுவதைக் காண எல்லாரும் அந்தப் பக்கம் விரைந்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன், கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும் விரைவில் கிழக்குப் பக்கத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். அங்கே பனி மெல்லக் கலைய, மவுஸ்ஸாக்கலை கரை தளும்பத் துண்டு துண்டாகத் தெரியத் தொடங்கியது. தண்ணீர் நிறைய இருந்தது. கோயில் தெரியவில்லை.