விறகுக்கு ஒரு கட்டில்

2022இல் காஸ் சிலிண்டருக்காக இலங்கை நாடே வரிசையில் நின்றபோது எங்கள் வீட்டில் கலங்காமல் இருந்த ஒரே ஆள் மாமிதான். அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது. அந்தக் காசைக் கையில் வைத்திருந்தவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. மாமி பின்வளவு அடுப்பை மெழுகி, ஊதுகுழலைத் தேடி எடுத்து, "நான் அப்பவே சொன்னனான்" என்றார். எப்போது சொன்னார் என்று கேட்கிற துணிவு வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

பிறகு காஸ் வந்தது. அடுப்பு போகவில்லை. மீன் குழம்பு மண்சட்டியில், விறகில்தான் வேக வேண்டும் என்பது மாமியின் தீர்ப்பு. அதற்கு மேன்முறையீடு கிடையாது.

சிக்கல் விறகில்தான். நிலத்தில் குவித்து வைத்தால் கீழே இருந்து கறையான், மேலே இருந்து மழை. திருகோணமலையில் ஐப்பசி பிறந்தால் மார்கழி முடியும்வரை வானத்தை நம்ப முடியாது. ஈர விறகு எரியாது, புகைக்கும். அந்தப் புகையில் மாமிக்குக் கண் எரியும், அப்புறம் வீட்டில் எல்லோருக்கும் எரியும். அதனால் ஒரு விறகுத் தட்டு அடிப்பதென்று முடிவு செய்தேன்.

மரம் வாங்க மரக்காலைக்குப் போகத் தேவையில்லை. பழைய ஓட்டுக் கூரையைப் பிரித்தபோது கழற்றிய முதிரை மரச் சட்டங்கள் மதிலோரம் கிடந்தன. முதிரையை வீதியில் ஏற்றிப் போக பெர்மிற் வேண்டும். மதிலோரத்தில் இருந்து பின்வளவுக்குத் தூக்கிப் போக மாமியின் அனுமதி போதும், அது பெர்மிற்றை விடக் கொஞ்சம் லேசு.

எட்டடி நீளம், நாலடி உயரம், ஒன்றரையடி அகலம் என்று கணக்குப் போட்டு வாளை எடுத்தேன். வாள் சத்தம் கேட்டு மதிலுக்கு மேலே ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டு ஓவசியர் ஐயா, கட்டட வேலைகளை மேற்பார்வை செய்த மனுஷன். பென்ஷன் எடுத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனால் எங்கள் திருஞானசம்பந்தர் வீதிப் பக்கம் யார் வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டாலும் அவர் இன்னும் கடமையில்தான் இருக்கிறார்.

"தம்பி, நீர் என்ன அடிக்கிறீர்? கட்டிலோ?"

"இல்லை ஐயா, விறகு அடுக்க."

"விறகுக்கோ! எவ்வளவு பாரம் வரும் எண்டு பாத்தீரோ?"

காதில் இருந்து பென்சில் இறங்கியது. சிமெந்துப் பேப்பரில் கணக்கு ஏறியது. நாற்பத்தெட்டு கன அடி அடுக்கு, அதில் இடைவெளி போக மிச்சம் மரம், எல்லாம் சேர்த்து அரை டன்னுக்கு மேல். அந்தப் பாரம் கீழ் நோக்கி மட்டும் தள்ளாது, இரண்டு பக்கக் கால்களையும் வெளியே தள்ளும் என்றார். ஆகவே இரு பக்கமும் சாய்வுச் சட்டம் கட்டாயம். மனுஷன் சொன்னது சரி. ஆனால் சொன்ன விதத்தில் நான் கந்தளாய்க் குளத்துக்கு அணைக்கட்டுக் கட்டுவதாக எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அடிச் சட்டத்தை நிலத்தில் பரப்பி, மூலைக்கு மூலை நாடா பிடித்துப் பார்த்தோம். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவென்றால் மூலைமட்டம் சரி. ஓவசியர் ஐயா தன் வீட்டிலிருந்து ரசமட்டமும் கொண்டுவந்தார். குமிழி நடுவில் நிற்கும்வரை எவரும் மூச்சுவிடக் கூடாது என்பதுபோல் கையை உயர்த்தினார். மாமி மட்டும் மூச்சு விட்டார், சத்தமாக.

முதிரையில் ஆணி அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் மீதிக் கதை விளங்கும். அது ஆணியை உள்ளே விடாது, வளைத்துத் திருப்பி அனுப்பும். முதலில் துளை போட வேண்டும், பிறகு ஆணியில் சவர்க்காரம் பூசி அடிக்க வேண்டும். கடற்காற்றில் சாதாரண ஆணி சீக்கிரம் துருவாகிவிடும் என்று கல்வனைஸ் ஆணியாகவே வாங்கியிருந்தேன். சவர்க்காரம் குளியலறையில் இருந்து போனது. அது என் மனைவியின் வாசனைச் சவர்க்காரம் என்பது அடித்து முடிந்த பிறகுதான் வெளிப்பட்டது. எங்கள் விறகுத் தட்டு கொஞ்ச நாள் சந்தன வாசத்தோடு நின்றது.

அடிக்கு சீமெந்துக் கல் வைத்து நிலத்திலிருந்து தூக்கினோம், கால்களுக்குக் கழிவு ஒயில் பூசினோம், மதிலில் இருந்து அரையடி தள்ளி நிறுத்தினோம். மேலே தகரம், பக்கங்கள் திறப்பு. பக்கத்தையும் மூடிவிட்டால் விறகு காயாது, அவியும். பச்சை விறகின் பாரத்தில் பாதியளவு தண்ணீர்தான். அது இருபது வீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் புகையில்லாமல் எரியும். அதற்குப் பிளந்து அடுக்கி அரை வருடமாவது ஆகும். நீண்ட பக்கத்தைத் தென்மேற்காகத் திருப்பினேன். வைகாசியில் தொடங்கும் கச்சான் காற்று ஊடே புகுந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வடகிழக்கில் வாடை மழை அடிக்கும் என்று தகரத்தை அந்தப் பக்கம் நீட்டிச் சரித்து விட்டோம்.

அடுத்த நாள் காலை எழும்பிப் பார்த்தால் தட்டு நிறைய வாளை மீன்! மாமியின் சினேகிதி கருவாடு போட ஒரு தட்டுத் தேடிக்கொண்டிருந்தாராம். "சும்மாதானே கிடக்கு" என்று மாமி உத்தரவு கொடுத்திருக்கிறார். நன்றாகத்தான் காய்ந்தது, காற்றோட்டத்துக்குத்தானே அதை அடித்தேன். கருவாடு இறங்கியதும் மனைவி மிளகாய் பரப்பினார். மிளகாய் இறங்கிய இரவு, பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து நகருக்குள் மேய வரும் மான்களில் ஓர் ஆண் மான் பின்வளவுக்குள் புகுந்து, மூலைக் காலில் கொம்பை வைத்து விடியவிடிய உரசியது. ஒயில் பூச்சுத் தேய்ந்ததே தவிர கால் அசையவில்லை. ஓவசியர் ஐயா காலையில் வந்து தொட்டுப் பார்த்து, "பாரப் பரிசோதனை முடிஞ்சுது. இனி அடுக்கலாம்" என்றார்.

அப்படியே அடுக்கினேன். கச்சான் தன் வேலையைச் சரியாகச் செய்தது. இரண்டு விறகைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும் அளவுக்குக் காய்ந்தது. மழைக்காலத்திலும் ஒரு துளி உள்ளே போகவில்லை. தைப்பொங்கலுக்கு இந்த விறகுதான் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

பொங்கலுக்கு முதல் கிழமை விறகெடுக்கப் போனால், மேலடுக்குக்கும் தகரத்துக்கும் இடையில் மாமியின் சிவப்புக் கோழி அடை படுத்திருக்கிறது. கை நீட்டியதும் கொத்தியது.

"தம்பி, தொடாதேங்கோ! அடுக்கு அசைஞ்சா கோழி எழும்பிடும். இருபத்தொரு நாள் பொறுங்கோ."

"பொங்கல் மாமி?"

"பொங்கலுக்குக் கடையில விறகு விக்குது."

கடையில் வாங்கிய விறகு ஈரம். புகையில் கண் கலங்கக் கலங்கப் பொங்கினோம். காய்ந்த முதிரை விறகும் பாலை மர விறகும் பத்தடி தள்ளி கோழியைத் தாங்கிக்கொண்டு நின்றன. ஓவசியர் ஐயா மதிலுக்கு மேலாகப் பொங்கலை வாங்கிக்கொண்டு, தன் வீட்டுக்கும் இப்படி ஒன்று அடித்துத் தரவேண்டும் என்றார். வரைபடம் ஏற்கெனவே சட்டைப் பையில் இருந்தது. விரித்துக் காட்டினார். எல்லா அளவும் என்னுடையதுதான். மேலே மட்டும் ஓர் அடி கூட்டி, தட்டி வைத்துப் பிரித்து, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'கோழி'.