பத்து விநாடிப் படங்கள், ஒரு மணி நேரப் பொறுமை

வந்து இறங்கிய ஸ்மார்ட் டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்க ஐபீஸே கிடையாது. 50 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. குவியத்தூரம், உள்ளே ஒரு சின்ன கேமரா. பார்ப்பதெல்லாம் போனில்தான். இதில் என்ன சுகம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

முதல் இரவு ஓரியன் நெபுலா, அதாவது விண்வெளியில் ஒளிரும் ஒரு வாயு மேகம். போனில் அதன் பட்டியல் பெயரான எம்42-ஐத் தொட்டேன். அது ஒரு படம் எடுத்தது, அதிலிருந்த நட்சத்திரங்களைத் தன்னிடமுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டது, கொஞ்சம் திரும்பி நின்றுகொண்டது. பழைய டெலஸ்கோப்பில் கழுத்து வலிக்கத் துழாவிய ஆள் நான். சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது. முதல் பத்து விநாடிப் படத்தில் சாம்பல் நிறக் கறை. படத்தின் மேல் படமாக அடுக்க அடுக்க, பத்து நிமிடத்தில் இளஞ்சிவப்பில் சிறகு விரிந்துவிட்டது. நடுவிலுள்ள ட்ரபீசியம் நட்சத்திரங்கள் மட்டும் வெளுத்து ஒரே திட்டாகிப்போயின.

அப்புறம் வேகம் குறைந்தது. குருணை மாதிரித் தெரியும் நாய்ஸ் பாதியாக வேண்டுமென்றால் படங்கள் நான்கு மடங்காக வேண்டும். சரி, ஒரு மணி நேரம் விட்டுப் பார்ப்போம் என்று மறுநாள் வைத்தேன். 360 படங்களில் அடுக்கில் சேர்ந்தவை 230தான்! மற்றவற்றில் நட்சத்திரங்கள் இழுபட்டுக் கோடாகி இருந்தன. காற்று ஒரு காரணம். பெரிய காரணம் முக்காலியின் ஒரு கால்: ஈர மண்ணில் ஒரு விரல்கடை புதைந்திருந்தது. சிமெண்டுத் தரைக்கு மாற்றி, கால்களைக் குறுக்கி, மட்டம் பார்த்து வைத்த பிறகு இருபது படம்கூட வீணாகவில்லை. ஆனாலும் நேரம் ஆக ஆகக் காட்சி சுழல்வதால் மூலைகளில் பிசிறு தட்டுகிறது. அதை வெட்டித்தான் ஆக வேண்டும்.

ஆண்ட்ரோமீடா கேலக்ஸியில் சொதப்பியது நான்தான். நெபுலாவுக்குப் போட்ட ஃபில்டரை எடுக்க மறந்துவிட்டேன். அது ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும். கேலக்ஸியின் வெளிச்சமோ கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கலவை. 25 லட்சம் ஆண்டு பயணம் செய்து வந்த ஒளியில் பெரும்பகுதியை வாசலிலேயே தடுத்திருக்கிறேன். ஃபில்டரை எடுத்துவிட்டு மறுபடி முயன்றால், ஆறு முழுநிலா நீளமுள்ள கேலக்ஸி படச் சட்டத்துக்குள் அடங்கவில்லை. நடுப்பகுதியும் ஒரு கருந்தூசிப் பட்டையும் கிடைத்தன. அடுத்த முறை துண்டு துண்டாக எடுத்து ஒட்டிப் பார்க்கணும்.