சாய்த்துக் கட்டிய வேலி

மூணு வாரக் கடைசி போச்சு, இன்னைக்கு வேலி முடிஞ்சது. கை பூரா முள் கீறல், மனசு பூரா நிறைவு.

உயிர்வேலியைச் சாய்த்துக் கட்டுவது இங்கிலாந்தின் பழைய கிராமத்து வேலை. இலை உதிர்ந்த பிறகு, பறவை கூடு கட்டும் முன்னே செய்யணும். தண்டைத் தரையை ஒட்டி, மேலிருந்து கீழாகச் சரிவாக வெட்டி, ஒரு பக்கம் பட்டையும் அதோடு ஒட்டிய கொஞ்சம் மரமும் மட்டும் மிச்சம் விட்டுச் சாய்க்கணும். அந்த மெல்லிய நாடா தோல்வார் மாதிரி வளையும். அது வழியாகத்தான் மரம் நீர் குடிக்குது. முதல் நாள் பயந்து கனமாக விட்டேன், தண்டு நெடுக்கப் பிளந்து கையோடு வந்துவிட்டது. இன்னும் மனசு ஆறலை.

வெட்டிய அடியில் நாக்கு மாதிரி துருத்தி நிற்கும். அதைச் சீவாமல் விடாதீங்க! சுத்தமாகச் சீவினால்தான் மண்ணை ஒட்டிப் புதுத் துளிர் வரும். வேலியின் அடி இடைவெளி இல்லாமல் அடர்வது அதனால்தான்.

சாய்த்த தண்டுகளைத் தாங்க நடும் ஊன்றுகோல்களுக்கு இடைவெளி 18 அங்குலம், சரியாக நம்ம ஒரு முழம். மேலே நீளக் குச்சிகளைப் பின்னி இறுக்கினால் மாடு முட்டினாலும் அசையாது.

மழுங்கின அரிவாள் வழுக்கும், கையைத்தான் பதம் பார்க்கும். மணிக்கொரு தடவை கல்லில் தீட்டி, பிசிரை எடுத்துவிட்டுத்தான் அடுத்த தண்டு. இப்போ பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தடவி வெச்சிருக்கேன்.