புதன்கிழமைச் சோதனை: வானிலை எச்சரிக்கை ரேடியோ, நான்கு வாரக் குறிப்பு

சோதித்த செட்டுகள் இரண்டு. முதலாவது, கைப்பிடியைச் சுற்றி சார்ஜ் ஏற்றும் அவசரகால ரேடியோ. உள்ளே 2000 மில்லிஆம்பியர்-மணி 18650 லித்தியம் செல், மூன்று ஏஏஏ செல்லுக்குத் தனி இடம், மேலே சின்ன சோலார் தகடு, டார்ச், ஏஎம், எஃப்எம், வானிலை ஒலிபரப்பு மட்டும் கேட்கும் வெதர் பேண்டு. எச்சரிக்கை வந்தால் தானாக அலற வைக்கும் 'அலெர்ட்' பொத்தான் உண்டு, எச்சரிக்கையைக் கவுண்டி (அமெரிக்காவில் மாவட்டம் போன்றது) வாரியாகப் பிரித்தெடுக்கும் 'சேம்' வசதி இல்லை. இரண்டாவது, வாக்கி-டாக்கி அளவில் சேம் வசதியுள்ள செட், மூன்று ஏஏ செல்லில் ஓடுவது. இடம், டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் ஒரு மாடி வீடு. வட டெக்சஸில் ஆலங்கட்டிக்கும் டொர்னாடோவுக்கும் ஏப்ரல், மே மாதங்கள்தான் உச்சம். அதனால் மார்ச்சிலேயே இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு என்ற கேள்வி எப்போதும் வரும். போனுக்கு வரும் எச்சரிக்கை செல்போன் டவரை நம்பியது. டவருக்குக் கரண்ட் போனாலோ போனிலேயே அறிவிப்பை அணைத்து வைத்திருந்தாலோ வராது. ரேடியோவுக்கு வருவது வேறு பாதை. இரண்டும் இருக்கட்டும், அவ்வளவுதான்.

முதல் வாரம்: அலைவரிசை

அமெரிக்க வானிலைத் துறையின் நோவா வெதர் ரேடியோ ஏழே அலைவரிசைகளில் ஒலிபரப்பாகிறது: 162.400, 162.425, 162.450, 162.475, 162.500, 162.525, 162.550 மெகாஹெர்ட்ஸ். சாதாரண எஃப்எம் ரேடியோவில் இவை எட்டாது. முதல் தடுக்கல் இங்கேயே வந்தது. செட்டில் தெரிவது அலைவரிசை இல்லை, 1 முதல் 7 வரை சேனல் எண். சில கம்பெனிகள் 162.400-ஐ முதல் சேனலாக வைத்து ஏறுவரிசையில் போகின்றன. சில பழைய வழக்கப்படி 162.550-ஐ 1 என்றும், 162.400-ஐ 2 என்றும், 162.475-ஐ 3 என்றும் வைத்திருக்கின்றன. நண்பர் வீட்டு செட்டில் '2' நன்றாக வருகிறது என்று நம் செட்டிலும் 2-ஐ வைத்தால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். கையேட்டில் உள்ள அட்டவணையைப் பார்த்து, சேனல் எண்ணுக்குப் பக்கத்தில் அலைவரிசையையும் எழுதி செட்டின் முதுகில் ஒட்டிவிடுவது நல்லது.

இரண்டாவது, தானாகத் தேடும் 'ஸ்கேன்' வசதி. முதலில் கிடைக்கும் சிக்னலில் அது நின்றுவிடும். அது உங்கள் கவுண்டிக்கான நிலையமா என்று பார்க்காது. ஃபிரிஸ்கோவில் டல்லாஸ் நிலையம் (162.400) கேட்கிறது, ஃபோர்ட் வொர்த் நிலையமும் (162.550) கேட்கிறது. எந்த டிரான்ஸ்மிட்டர் எந்தெந்த கவுண்டிகளுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது என்ற பட்டியல் வானிலைத் துறையிடம் உண்டு. உங்கள் கவுண்டி அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சேனலைப் பூட்ட வேண்டும். சத்தமாகக் கேட்கும் நிலையம் பக்கத்து மாவட்டத்துக்கு மட்டும் பேசுவதாக இருந்தால், வருஷம் முழுக்கக் கேட்டாலும் உங்கள் தெருவுக்கு அது வாய் திறக்காது.

ஏரியலை முழுக்க இழுத்து நிமிர்த்துவது எல்லோருக்கும் பழக்கம். எஃப்எம்முக்கு அது சரி. 162 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 1.85 மீட்டர்; அதில் கால் பங்கு 46 சென்டிமீட்டர். கம்பி அதைவிட நீளமாக இருந்தால் ஓரிரு கணுக்களை உள்ளே தள்ளி, 46 சென்டிமீட்டர் அளவுக்கு வைத்து, செங்குத்தாக நிறுத்த வேண்டும். இந்த நிலையங்களின் அலைகள் செங்குத்தாக அதிர்பவை. ஏரியலைப் படுக்க வைத்தால் சிக்னல் பாதியாகக் கரைகிறது. நிலையத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 50, 60 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்குக் கரகரப்புக்கும் பேச்சுக்கும் நடுவே இருப்பது இதுதான்.

இரண்டாம் வாரம்: ஆறு இலக்கம்

சேம் என்பது அறிவிப்புக்கு முன்னால் வரும் ஒரு சின்ன டேட்டாத் துண்டு. காதில் 'கர்ர்ர்' என்று சுமார் ஒரு விநாடி, சிறு இடைவெளி, மறுபடி 'கர்ர்ர்', இப்படி மூன்று முறை. பிறகு 1050 ஹெர்ட்ஸில் ஒரே சீரான விசில் எட்டு முதல் பத்து விநாடி. அதன் பிறகே குரல். முடிவில் 'அறிவிப்பு தீர்ந்தது' என்பதற்கு மூன்று குட்டி 'கர்'. சேம் இல்லாத கைப்பிடி செட் அந்த 1050 ஹெர்ட்ஸ் விசிலுக்கு மட்டும் விழித்துக்கொள்கிறது. அது யாருக்கான எச்சரிக்கை என்று அதற்குத் தெரியாது. நிலையத்தின் எல்லைக்குள் எந்த மூலையில் எது நடந்தாலும் அலறும். சேம் செட் அந்த 'கர்ர்'ரைப் படித்து, கவுண்டி எண் பொருந்தினால் மட்டும் வாய் திறக்கும்.

அந்த டேட்டாவில் என்ன இருக்கிறது? யார் அனுப்பியது, என்ன வகை, எந்தக் கவுண்டி, எவ்வளவு நேரம் செல்லும், எப்போது வெளியானது. வெளியான நேரத்துக்கான பகுதியில் '1231805' என்று இருந்தால் வருஷத்தின் 123-ஆம் நாள், அதாவது லீப் இல்லாத வருஷத்தில் மே 3, உலக நேரப்படி 18 மணி 5 நிமிடம். டெக்சஸ் கோடை நேரத்தில் பகல் 1.05. '0045' என்றால் 45 நிமிடம் செல்லுபடியாகும்.

கவுண்டி எண் ஆறு இலக்கம். முதல் இலக்கம் 0 என்றால் முழு கவுண்டி. அடுத்த இரண்டு மாநிலம், டெக்சஸுக்கு 48. கடைசி மூன்றும் கவுண்டி. காலின் கவுண்டிக்கு 048085, டென்டனுக்கு 048121, டல்லாஸுக்கு 048113, டாரன்ட்டுக்கு 048439. இணையத்தில் பல பட்டியல்களில் முன்னாலுள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு 48085 என்று ஐந்து இலக்கமாகவே இருக்கும். அதைப் பார்த்து இடமிருந்து தட்டிக்கொண்டே போனால் செட்டில் 480850 என்று பதிகிறது. அப்படி ஒரு கவுண்டி கிடையாது. செட் 'தவறு' என்று சொல்லவில்லை. பீப் அடித்து ஏற்றுக்கொண்டது. வேண்டுமென்றே இப்படிப் பதித்து ஒரு வாரம் வைத்திருந்ததில் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. பச்சை விளக்கு மட்டும் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

ஃபிரிஸ்கோ ஊரே காலின், டென்டன் இரண்டு கவுண்டிகளிலும் கிடக்கிறது. ஊர்ப் பெயரை வைத்து எண் தேடாமல், வீட்டு வரிச் சீட்டில் எந்தக் கவுண்டி என்று பாருங்கள். இந்த வீடு காலினில். ஆனாலும் டென்டனையும் சேர்த்தோம். காரணம், இங்கே மழை மேகம் பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோதான் வரும், டென்டன் மேற்கே இருக்கிறது. டாரன்ட்டையும் சேர்த்துப் பார்த்து எடுத்துவிட்டோம். இரண்டு இரவு தூக்கம் போனது, பயன் இல்லை.

இதில் ஒரு குறை தீராது. வானிலைத் துறை 2007 அக்டோபரிலிருந்தே டொர்னாடோ, கடும் இடிமழை போன்ற எச்சரிக்கைகளைக் கவுண்டிக் கணக்கில் விடுவதில்லை, புயலின் பாதைக்கு ஏற்பப் பலகோணமாக வரைகிறது. ரேடியோ மட்டும் இன்னும் கவுண்டிக் கணக்கிலேயே நிற்கிறது. காலினின் கிழக்கோரம் ஃபார்மர்ஸ்வில் பக்கம் ஆலங்கட்டி விழுந்தாலும், 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மேற்கோரத்தில் உள்ள ஃபிரிஸ்கோ படுக்கையறையில் சைரன் அடிக்கும். எரிச்சலில் அலெர்ட்டையே அணைத்துவிடுகிறவர்கள் நிறைய. அதற்குப் பதில் மெனுவுக்குள் போய், வெள்ள 'வாட்ச்' போன்ற, நடக்க வாய்ப்புண்டு என்று மட்டும் சொல்லும் வகைகளை நிறுத்திவிட்டு, நடந்துகொண்டிருக்கிறது அல்லது இதோ நடக்கப்போகிறது என்று சொல்லும் 'வார்னிங்' வகைகளை விட்டுவைக்கலாம். பெரும்பாலான செட்டுகளில் டொர்னாடோ வார்னிங்கை நிறுத்தவே முடியாது. அது நல்லதுதான்.

மூன்றாம் வாரம்: கரண்ட்

கைப்பிடி இருக்கிறதே என்று நம்பி வாங்குபவர்களுக்காக அளந்து பார்த்தோம். செல்லின் வயரில் மல்டிமீட்டரைத் தொடராகச் செருகி, விநாடிக்கு இரண்டு சுற்று வீதம் சுற்றினால் சுமார் 250 மில்லிஆம்பியர், 3.9 வோல்ட். அதாவது ஏறக்குறைய ஒரு வாட். அதே செட் நடுத்தரச் சத்தத்தில் வெதர் பேண்டு பாட 70 மில்லிஆம்பியர் எடுக்கிறது. ஒரு நிமிடம் சுற்றினால் மூன்று நிமிடச் செய்தி. உயிர் போகிற நேரத்தில் அது போதும். போனை சார்ஜ் செய்யவும் இதே கைப்பிடி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைத்தான் நம்ப முடியவில்லை: 17 வாட்-மணி போன் பேட்டரியை ஒரு வாட்டில் நிரப்பப் பதினேழு மணி நேரம் விடாமல் சுற்ற வேண்டும், வீணாவது தனி. ஒரு அழைப்புக்குத் தேவையான இரண்டு சதவீதம் என்றால் சரி.

சோலார் தகடும் அப்படியே. 10-க்கு 4 சென்டிமீட்டர் தகட்டில் உச்சி வெயில் நேராக விழுந்தாலே அரை வாட்டைச் சற்றுத் தாண்டும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் அதுவும் இல்லை. வெயில் படட்டும் என்று காரின் டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள். டெக்சஸ் மே மாத வெயிலில் மூடிய காருக்குள் லித்தியம் செல் கெட்டுப் போகும்.

நிஜமான எதிரி காத்திருப்பு மின்சாரம். அலெர்ட் நிலையில் ஸ்பீக்கர்தான் ஊமை, உள்ளே ரிசீவர் முழு நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அளந்ததில் 35 மில்லிஆம்பியர். 2000-ஐ 35-ஆல் வகுத்தால் 57 மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை முழு சார்ஜோடு அலெர்ட்டில் வைத்த செட் திங்கள் விடியும் முன்பே செத்துக் கிடக்கும். ஆகவே சாதாரண நாளில் யூஎஸ்பி சார்ஜரில் செருகியே இருக்க வேண்டும்; பேட்டரி கரண்ட் போகும் நேரத்துக்கு மட்டும். அதிலும் மலிவு சார்ஜர் செருகினால் வெதர் பேண்டில் 'ஊம்' என்ற இரைச்சல் ஏறுகிறது. சார்ஜரை மாற்றினாலோ, வயரில் ஃபெரைட் வளையம் ஒன்று மாட்டினாலோ அடங்குகிறது. எல்இடி பல்பு, வைஃபை ரூட்டர் பக்கத்தில் வைத்தாலும் இதே தொல்லை. ஒரு மீட்டர் தள்ளினால் போதும்.

ஏஏஏ செல்லை உள்ளேயே போட்டுவைத்து மறந்துவிட்டால் அல்கலைன் கசிந்து ஸ்பிரிங்கில் பச்சை பூக்கும். லித்தியம் ஏஏஏ கசிவது மிக அரிது, விலை மூன்று மடங்கு. அல்கலைன்தான் என்றால் செட்டோடு சேர்த்து ரப்பர் பேண்டில் கட்டி வையுங்கள், உள்ளே போடாதீர்கள்.

ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கு இதை வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 162 மெகாஹெர்ட்ஸில் வானிலை ஒலிபரப்பு கிடையாது, அந்த பேண்டு அங்கே வெறும் காற்று. ஏஎம்மிலும் ஒரு சிக்கல்: அமெரிக்க செட் 10 கிலோஹெர்ட்ஸ் படியில் தாவும், இந்திய நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் படியில் இருக்கும். சென்னையின் 720 இரண்டாலும் வகுபடுவதால் தப்பித்தது. திருச்சியின் 936-க்கு 930-இலோ 940-இலோ நின்று கரகரப்பைத்தான் கேட்க வேண்டும். 9/10 மாற்று ஸ்விட்ச் உள்ள செட்டா, முள் ஓட்டும் பழைய வகையா என்று பார்த்து வாங்கலாம்.

நான்காம் வாரம்: படிக்கட்டுக்கு அடியில்

செட்டில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தி சைரன் கேட்டதும் எல்லாம் சரி என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பொத்தான் சோதிப்பது சைரனை மட்டும். சேனல் சரியா, எண் சரியா, டேட்டா வந்து சேர்கிறதா என்பதை வாராந்திரச் சோதனைதான் சொல்லும். பெரும்பாலும் புதன்கிழமை காலை 11-க்கும் 12-க்கும் நடுவில் வரும். வானம் மோசமாக இருந்தால் தள்ளிப்போடுவார்கள். கைப்பிடி செட் அப்போது அலறும். சேம் செட் பெரும்பாலும் சத்தம் போடாமல், திரையில் 'வாராந்திரச் சோதனை' என்று மட்டும் காட்டும். அதனால் புதன் மதியம் திரையைப் பார்க்க வேண்டும்.

டொர்னாடோ வார்னிங் வந்தால் இந்த வீட்டில் ஒதுங்கும் இடம் கீழ்த்தளப் படிக்கட்டுக்கு அடியிலுள்ள அலமாரி அறை. ஜன்னல் இல்லாத உள்ளறை, ஆகவே பத்திரம். அதே காரணத்தால் சிக்னலும் இல்லை. வெளிச்சுவர் ஜன்னல்களில் வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சு, கூரைப் பலகையில் அலுமினியத் தாள், இரண்டும் அலையை மறிக்கின்றன. மூன்றாவது புதனன்று சேம் செட்டை அங்கே வைத்துப் பார்த்ததில், காதுக்குச் செய்தி புரிந்தது, திரையில் சோதனை பதியவில்லை. மனிதக் காது கரகரப்புக்கு நடுவிலும் வார்த்தையைப் பொறுக்கி எடுத்துவிடும். டேட்டாவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. குரல் புரிகிறது, ஆகவே அலெர்ட் வரும் என்று எண்ணுவது இதில் நடக்கும் மிகப் பெரிய பிழை.

மருந்து மலிவானது. 44 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு வயர், நடுவில் பிரித்து ஒன்று மேலாகவும் ஒன்று கீழாகவும் மாடி ஜன்னலின் மரச்சட்டத்தில் ஒட்டி, கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியை மேல் துண்டோடும் வலையைக் கீழ்த் துண்டோடும் இணைத்து, படிக்கட்டு ஓரமாக இறக்கினோம். கண்ணாடியில் ஒட்டினால் பூச்சு மறிக்கும், சட்டத்தில் ஒட்ட வேண்டும். வெளி ஏரியல் துளை உள்ள செட்டுக்கு நேராகச் செருகலாம். துளை இல்லாத கைப்பிடி செட்டுக்கு நடுக்கம்பியை முதலைக் கிளிப்பால் ஏரியலில் கவ்வ வைத்து, வலையை பேட்டரியின் மைனஸ் முனையோடு சேர்த்தால் போதும்.

நான்காவது புதன், 11 மணி 14 நிமிடம். அலமாரிக் கதவு சாத்தியிருக்க, கைப்பிடி செட் அலறியது, சேம் செட்டின் திரையில் சோதனை பதிந்தது. கைப்பிடி செட்டில் எஃப்எம் கேட்டுவிட்டு அப்படியே வைத்தால் அலெர்ட் செத்துவிடும், வெதர் பேண்டுக்குத் திருப்பி வைத்தால்தான் உயிர் வரும் என்று அலமாரிக் கதவின் உட்புறம் மார்க்கரில் எழுதியாயிற்று.