குழந்தையின் ஓயாத இருமல்: மூக்கிலிருந்து தொடங்குங்கள்

பகல் முழுக்க ஓடியாடிய குழந்தை, படுத்த பத்தாவது நிமிடம் லொக் லொக்கென்று இருமத் தொடங்கும். நெஞ்சில் சளி கட்டிவிட்டதோ என்று மனம் பதறும். பெரும்பாலும் சளி இருப்பது மூக்கில்தான். படுத்ததும் அது தொண்டைக்குள் வழிகிறது. இருமல் சிரப்பைத் தேடுவதைவிட மூக்கைச் சுத்தம் செய்தால் இரவு சுலபமாகக் கழியும்.

பால் கொடுப்பதற்கு முன்பும் தூங்க வைப்பதற்கு முன்பும் செய்யுங்கள். வயிறு நிறைந்திருந்தால் வாந்தி வரும். மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு துளையிலும் 0.9 சதவீத உப்புநீர் 2 அல்லது 3 சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். காய்ந்த சளி இளக அந்த நேரம் வேண்டும். பலரும் அவசரப்படுவது இங்கேதான். ரப்பர் உறிஞ்சியை வெளியிலேயே அழுத்திப் பிடித்து, நுனியைத் துளையின் வாயில் வைத்தபின் மெல்லப் பிடியைத் தளர்த்துங்கள். மூக்கில் வைத்துவிட்டு அழுத்தினால் சளி உள்ளேதான் போகும். அடிக்கடி உறிஞ்சினால் உட்புறம் வீங்கி அடைப்பு கூடிவிடும். ஒரு நாளில் நான்கு முறை போதும்.

ஒரு வயது தாண்டியிருந்தால், படுக்க அரை மணி முன்பு அரைத் தேக்கரண்டி (2.5 மி.லி.) தேன் தொண்டைக்கு இதம். ஒரு வயதுக்குள் நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். அவை பச்சிளம் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். தேனைக் காய்ச்சினாலும் வித்துகள் அழியாது.

கொதிநீர் ஆவி பிடிக்க வைக்காதீர்கள், சுட்டுவிடும். கற்பூரம் சேர்ந்த தைலம் 2 வயதுக்குள் கூடாது. 4 வயதுக்குள் மருத்துவர் சொல்லாமல் இருமல் சிரப்பும் வேண்டாம்.

சளி நின்றபிறகும் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுப்பது சகஜம். நாளை எண்ணுவதைவிட மூச்சை எண்ணுங்கள். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்கப் பாருங்கள். குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தவறும். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுவரை 50, அதன்பின் 5 வயதுவரை 40: இந்த எண்ணைத் தொட்டாலே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருமினால் வீட்டு வைத்தியமே வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த வயதானாலும் 4 வாரம் தாண்டிய இருமலுக்குக் காரணம் கண்டாக வேண்டும்.

கடலையோ மணியோ வாயில் போட்டுக்கொண்டு திடீரென இருமியிருந்தால், இருமல் அடங்கிவிட்டாலும் அன்றே காட்டுங்கள். அந்தப் பொருள் மூச்சுக்குழாயில் தங்கியிருக்கலாம்.