கராஜுக்கு வந்த மெக்லெல்லன் சேணம்

மார்ச் 8, 2025, சனி

கன்சாஸில் ஜங்ஷன் சிட்டி பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் எஸ்டேட் சேல், வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் விற்பனை. பீங்கான் தட்டு, தையல் மெஷின், பழைய டிராக்டர் பாகங்கள் என்று வழக்கமான சாமான்கள்தான். கொட்டகை மூலையில் ஒரு மெக்லெல்லன் சேணம், அமெரிக்கக் குதிரைப்படையின் பழைய சேணம், கிடந்தது. ஃபோர்ட் ரைலி ராணுவ முகாம் பக்கத்திலேயே இருப்பதால் இந்த வட்டாரத்துக் கொட்டகைகளில் குதிரைப்படைச் சாமான் கிடைப்பது அதிசயமில்லை.

வீட்டுக்கார அம்மா, 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் தன் கொள்ளுத்தாத்தா உட்கார்ந்து போன சேணம் இது என்றார். தாத்தா போருக்குப் போயிருக்கலாம், இந்தச் சேணம் போகவில்லை. அந்தப் போரில் இருந்த 1859 மாடலில் மரச்சட்டத்தின் மேல் பதனிடாத தோலை மட்டும் இழுத்துத் தைத்திருப்பார்கள், அது வெயிலிலும் மழையிலும் தையலோரம் வெடித்து வீரர்களின் தொடையைக் கிழித்தது, அதனால்தான் 1870களில் மேலே இன்னொரு தோலுறை போட ஆரம்பித்தார்கள். இதிலோ முழுக்கத் தோலுறை, அதுவும் செம்பழுப்பு நிறம். 1902-இல்தான் அமெரிக்க ராணுவம் கறுப்புத் தோலை விட்டுச் செம்பழுப்புக்கு மாறியது. ஆக இது 1904 மாடல். அதை அவரிடம் சொல்லி வாதாடவில்லை. 1904 மாடலுக்கு என்ன விலையோ அதைக் கேட்டேன், 220 டாலருக்குக் கொடுத்தார்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து கராஜில்தான். மென்மையான பிரஷ், டார்ச், பூதக்கண்ணாடி. முன்மேட்டில் இருக்கும் பித்தளைத் தகட்டில் இருக்கை அளவு 11½ அங்குலம். ஒரு வாரில் ராக் ஐலண்ட் ஆர்சனல் என்ற ராணுவத் தொழிற்சாலையின் முத்திரை, பக்கத்தில் பரிசோதகரின் முதலெழுத்துகள். அங்கவடியின் தோல் மூடியில் வேறு முத்திரை, ஜெஃபர்சன்வில் ராணுவ டெப்போவுடையது, 1918. வயிற்றுவாரே இல்லை, யாரோ கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு இடத்து முத்திரை இருந்தால் உடனே போலி என்பார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ராணுவமே பழுதான பாகத்தைக் கழற்றிவிட்டுக் கிடங்கில் இருந்ததை மாட்டியது. அப்புறம் வேண்டாத சரக்கு மொத்தமாக ஏலத்துக்குப் போனது. நியூயார்க்கில் ஃபிரான்சிஸ் பேனர்மேன் என்ற வியாபாரி ஸ்பெயினோடு நடந்த 1898 போரின் மிச்சச் சரக்கை மலைமலையாக வாங்கி, வைக்க இடமில்லாமல் ஹட்சன் ஆற்றில் ஒரு தீவையே வாங்கிக் கோட்டை மாதிரி கிடங்கு கட்டினார். தபால் கேட்லாக் பார்த்து யார் வேண்டுமானாலும் ராணுவச் சேணம் வாங்கிய காலம் அது. பண்ணைக்காரர்கள் வாங்கினார்கள், தேய்த்தார்கள், வார் அறுந்தால் கையில் கிடைத்ததை மாட்டினார்கள். ஒரே தேதி, ஒரே முத்திரை, ஒரு கீறல் கிடையாது என்று ஒரு சேணம் வந்தால்தான் எனக்குச் சந்தேகமே வரும்.

மார்ச் 15, சனி

கன் ஷோ, துப்பாக்கியும் பழைய ராணுவச் சாமானும் விற்கும் சந்தை. வயிற்றுவார் தேடிப் போனேன், கிடைக்கவில்லை. வாள் மேசைகளைத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். 1860 மாடல் லேசான குதிரைப்படை வாள் ஒன்று, ஏம்ஸ் கம்பெனி, சிகோப்பி, மாசசூசெட்ஸ் என்று பிடிக்கு அருகே அலகில் தெளிவாக இருந்தது. அதற்கு முந்திய 1840 மாடலைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும், அந்தக் கனமான வாளுக்கு மணிக்கட்டை முறிப்பது என்றே பட்டப்பெயர். விலை கேட்டேன், நகர்ந்துவிட்டேன்.

அடுத்த மேசையில் பளபளவென்று இன்னொன்று. டேராடூனில் செய்யும் நகல் வாள் இங்கே ஏராளம், நகல் என்று சொல்லி விற்றால் ஒரு தப்பும் இல்லை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்களிடம் இது அசல் என்று சொல்ல முடியாது போல” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல மனுஷர்.

எரிச்சல் வந்தது வேறொருவரிடம். பெல்ட் தகடுகள், பொத்தான்கள், குண்டுகள், எல்லாவற்றையும் “போர்க்களத்தில் தோண்டியது” என்றார். எந்தப் போர்க்களம் என்றால் சிரிப்புதான் பதில். தேசியப் பூங்காவாக இருக்கும் போர்க்களத்தில் மெட்டல் டிடெக்டரோடு நுழைவதே குற்றம், கூட்டாட்சி அரசின் நிலத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவதை 1979 சட்டம் தடுக்கிறது. பொய் சொல்கிறார் என்றால் தகடு போலி, உண்மை சொல்கிறார் என்றால் திருட்டாக இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் எனக்கு வேண்டாம்.

மார்ச் 19, புதன்

எண்ணெய் போடுவதா வேண்டாமா என்று நண்பரோடு போனில் ஒரு மணி நேரச் சண்டை. அவர் பழைய முறைக்காரர், மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தேய்ப்பார். தோல் உடனே மினுக்கும், உண்மைதான். ஆனால் குதிரை மேல் போடப் போகிற சேணத்துக்கு அது சரி. நூறு வருஷத் தோலில் எண்ணெய் ஊறினால் கறுத்துப்போகும், தூசியைப் பிடிக்கும், பித்தளை தொடும் இடமெல்லாம் பச்சையாகப் பிசுக்குக் கட்டும். அருங்காட்சியகக்காரர்கள் எண்ணெயை விட்டு வெகுகாலமாகிறது. என் சேணத்தில் வலது பக்க வார் தொட்டால் விரலில் சிவப்புத் தூளாக ஒட்டுகிறது, தோலே உள்ளுக்குள் மக்கிவிட்டது, அதற்கு எண்ணெய் மருந்தே இல்லை. மக்கிய தோலைப் பிடித்து நிறுத்தும் க்ளூசெல் ஜி என்ற பொடியை ஆல்கஹாலில் கரைத்து மெல்லத் தடவினேன். தூள் நின்றது. நிறம் கொஞ்சம் கறுத்தது, பரவாயில்லை.

மார்ச் 30, ஞாயிறு

லாரன்ஸ் போயிருந்தோம். கன்சாஸ் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கமான்ச்சி என்ற குதிரை, பாடம் பண்ணியது, கண்ணாடிக்குள் நிற்கிறது. அமெரிக்கக் குதிரைப்படை பூர்வகுடிகளிடம் தோற்ற 1876 ஜூன் 25 லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் கேப்டன் மைல்ஸ் கியோவின் குதிரை. கியோ செத்தார், இது காயங்களோடு பிழைத்தது. இனி யாரும் இதன் மேல் ஏறக்கூடாது என்று 1878-இல் ரெஜிமென்ட்டே உத்தரவு போட்டது. 1891-இல் ஃபோர்ட் ரைலியில் செத்தபின் பாடம் பண்ணி வைத்தார்கள்.

பையன் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், எனக்கு அந்தப் போர்க்களத்து ஆய்வுதான் நினைவில் ஓடியது. 1983-இல் அங்கே புல்வெளி தீப்பிடித்து நிலம் வெறுமையானது. அடுத்த வருஷம் தொல்லியலாளர்கள் டிடெக்டரோடு வரிசையாக நடந்து, ஒவ்வொரு தோட்டாக் கூடும் எந்த இடத்தில் கிடந்தது என்று குறித்துக்கொண்டே எடுத்தார்கள். கூட்டில் சுத்தியல் முள் அடித்த தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். அதை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றே சொல்லிவிட்டார்கள். அதே கூட்டை ஒருவன் தோண்டிச் சட்டைப்பையில் போட்டிருந்தால் வெறும் செம்புதான். கன் ஷோ ஆசாமி மேல் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

ஏப்ரல் 4, வெள்ளி

பொருத்தமான வயிற்றுவார் ஒன்று ஒஹையோவிலிருந்து கிடைத்திருக்கிறது, 85 டாலர். விற்பவர் 1918-க்கு முந்திய அங்கவடி மூடி ஜோடியும் தருகிறாராம், மாட்டினால் சேணம் முழுக்க ராக் ஐலண்ட் ஆகிவிடும், விற்கும்போது விலை இரட்டிப்பாகும் என்று ஆசை காட்டினார். வயிற்றுவார் மட்டும் போதும் என்று எழுதிவிட்டேன். ஜெஃபர்சன்வில் மூடி அப்படியே இருக்கட்டும். எது எங்கே செய்தது, எதை நான் வாங்கி மாட்டினேன், எந்த வாரில் என்ன தடவினேன் என்று ஒரு அட்டையில் பென்சிலால் எழுதிச் சேணத்தின் அடியில் கட்டியாயிற்று. கொள்ளுத்தாத்தா கதையையும் எழுதினேன், வீட்டுக்கார அம்மா சொன்னது என்ற குறிப்போடு.

அடுத்த வாரம் ஸ்டாண்ட் செய்ய மரம் வாங்க வேண்டும். பைன் போதும்.