கண்ணுக்குள் ஊசி எதற்கு?

கல்லடியில் இருக்கும் பெரியம்மாவின் கண்ணுக்குள் மெலனோமா என்ற புற்றுக்கட்டி இருப்பதாக வைத்தியர் கூறியதிலிருந்து, சதை எடுத்துப் பார்க்காமல் எப்படிச் சொல்லலாம் என்று உறவினர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து உள்ளே பார்த்தும் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எடுத்தும் அனுபவமுள்ள நிபுணர்கள் இதைப் பெரும்பாலும் சரியாகவே இனங்காண்பார்கள். ஆயினும், மெல்லிய ஊசியால் கட்டியின் கலங்களை எடுத்து, அவற்றில் 3ஆம் நிறமூர்த்தச் சோடியில் (நிறமூர்த்தம் என்பது கலத்துக்குள் மரபணுக்களைத் தாங்கும் இழை) ஒன்று இல்லாதிருப்பது தெரியவந்தால், நோய் பிற்காலத்தில் ஈரலுக்குப் பரவும் அபாயம் அதிகம் என்பதால், ஈரலை நெருக்கமாகக் கண்காணிக்க முடியும். ஊசியின் முக்கியப் பயன், என் பார்வையில், இதுவே. ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்ற அச்சம் (எங்கள் வீட்டில் அதுதான் பெரிய வழக்கு) மிக அரிதாகவே உண்மையாகிறது. கண்ணுக்குள் சிறிது இரத்தம் கசிவது வழமை; அது பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும்.